சம்பளமா, கட்டணமா?

ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் நாள் நாடாளுமன்றத்தில் நிதிநிலை அறிக்கை தாக்கலாகும்போது, மாதச் சம்பளக்காரர்களின் கவனம் முழுவதும் வருமான வரி விகிதங்களின் மீதே இருக்கும். 2025-ஆம் ஆண்டின் பட்ஜெட் அவர்களை ஏமாற்றவில்லை. புதிய வரித் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் வரி செலுத்த வேண்டியதில்லை என்றும், 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்தால் சம்பளக்காரர்களுக்கு இந்த வரம்பு 12.75 லட்சம் ரூபாய் என்றும் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். நடுத்தர வர்க்கம் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை.

அந்த நிம்மதியில் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த நாற்காலிகளில் அமர்ந்து, ஒரே அதிகாரியின் உத்தரவுப்படி ஒரே வேலையைச் செய்து, ஒரே தொகையைப் பெறும் இருவரில் ஒருவர் லட்சக்கணக்கில் வருமான வரி செலுத்துகிறார். மற்றவர் ஒரு ரூபாயும் செலுத்துவதில்லை. இது எப்படி? வரி ஏய்ப்பு அல்ல, சட்டம் வகுத்துத் தந்த வழிதான். முதலாமவருக்குத் தரப்படும் பணத்தின் பெயர் சம்பளம். இரண்டாமவருக்குத் தரப்படும் பணத்தின் பெயர் கட்டணம். முதலாமவர் ஊழியர். இரண்டாமவர் ஆலோசகர்.

மாதம் 2 லட்சம் ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் பெறும் இரு பொறியாளர்களை எடுத்துக்கொள்ளலாம். 2025-26 நிதியாண்டுக்கான புதிய வரித் திட்ட விகிதங்களின்படி, ஊழியராக இருப்பவருக்கு நிலையான கழிவு போக வரிக்குரிய வருமானம் 23.25 லட்சம் ரூபாய். அதற்கான வரி 2,81,250 ரூபாய். 4 சதவீதத் தீர்வையும் சேர்ந்தால் 2,92,500 ரூபாய். ஆலோசகராக இருப்பவர் உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுத்தால், பெற்ற தொகையில் பாதியை மட்டுமே வருமானமாகக் காட்டினால் போதும். பாதி என்பது 12 லட்சம் ரூபாய். 12 லட்சம் வரை வரி இல்லை. ஆக, அவர் செலுத்த வேண்டிய வருமான வரி பூஜ்யம். 20 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்டணம் பெறுவதால் அவர் சரக்கு மற்றும் சேவை வரிக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். ஆனால் அந்த வரியைத் தருவது அவரல்ல, அவரை அமர்த்திய நிறுவனம். பெரும்பாலும் நிறுவனம் அதைத் தனது உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இந்த உத்தேச வருமான முறை கெட்ட நோக்கத்தில் பிறந்ததல்ல. சிறு வணிகர்களுக்கு இருந்த இத்தகைய சலுகை, மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர் போன்ற குறிப்பிட்ட தொழில்முறையாளர்களுக்கு 2016-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் விரிவுபடுத்தப்பட்டது. அப்போது நிதி அமைச்சராக இருந்தவர் அருண் ஜேட்லி. ஆண்டு வரவு 50 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்கள் விரிவான கணக்குப் புத்தகங்களை வைத்துக்கொள்ளாமல், தணிக்கையும் இல்லாமல், வரவில் பாதியை வருமானமாகக் காட்டி வரி செலுத்தலாம் என்பதே ஏற்பாடு. ரொக்கமாகப் பெறுவது 5 சதவீதத்துக்கு மிகாதவர்களுக்கு இந்த வரம்பு 2023-24 நிதியாண்டு முதல் 75 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

தனியாகத் தொழில் நடத்தும் ஒருவருக்கு இந்தச் சலுகை நியாயமானதே. சொந்தச் செலவில் அலுவலகம் வைத்து, உதவியாளருக்குச் சம்பளம் கொடுத்து, கருவிகளையும் புத்தகங்களையும் வாங்கி, கட்சிக்காரரோ நோயாளியோ வராத மாதங்களையும் தாங்கிக்கொள்ளும் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் வரவில் பாதி செலவாகிறது என்று கருதுவதில் தவறில்லை. ஒவ்வொரு ரசீதையும் சேர்த்து வைக்கச் சொல்லி அவர்களை அலைக்கழிப்பதைவிட இது மேல். கேள்வி அவர்களைப் பற்றியதல்ல. கணினி நிறுவனத்துடையது, மேசை நிறுவனத்துடையது, வேலை நேரத்தை நிர்ணயிப்பது நிறுவனம், விடுப்புக்கு அனுமதி தருவதும் நிறுவனம் என்றிருக்கும்போது, "ஆலோசகர்" என்ற பெயரை மட்டும் சுமந்துகொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியது. அவருக்குத் தொழில் செலவு என்று எதுவும் இல்லை. ஆனாலும் பாதி செலவாகிவிட்டது என்று சட்டம் நம்புகிறது.

தலைநகரை ஒட்டிய குருகிராமிலும் நொய்டாவிலும், பெங்களூரிலும், ஹைதராபாதிலும், சென்னையிலும் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இப்படியொரு பேரம் பேசப்படுவது புதிதல்ல. "ஊழியராகச் சேர்ந்தால் இவ்வளவு பிடித்தம் போகும்; ஆலோசகராகச் சேர்ந்தால் முழுத் தொகையும் கைக்கு வரும்" என்று சொல்லப்படுகிறது. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஏறிக்கொண்டே போகும் நகரத்தில், மாத இறுதியில் கைக்கு வரும் தொகையைப் பார்த்தே முடிவெடுக்கும் ஓர் இளைஞர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பேரத்தின் முழுக் கணக்கு அவர் முன் வைக்கப்படுவதில்லை.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் சம்பளம். அதில் பாதி, அதாவது 9 லட்சம் ரூபாய், அடிப்படைச் சம்பளம். ஊழியராக இருந்தால் அவர் செலுத்த வேண்டிய வருமான வரி, தீர்வையும் சேர்த்து 1,50,800 ரூபாய். வருங்கால வைப்பு நிதிக்கு அவர் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கப்பட்டால் 1,08,000 ரூபாய். இரண்டும் போக ஆண்டில் கைக்கு வருவது 15,41,200 ரூபாய். மாதத்துக்குச் சுமார் 1,28,400 ரூபாய்.

அதே 18 லட்சம் ரூபாயைக் கட்டணமாகப் பெறும் ஆலோசகருக்கு 10 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். மாதம் 1,50,000 ரூபாயில் 15,000 போக 1,35,000 ரூபாய் கைக்கு வரும். வரவில் பாதியான 9 லட்சம் ரூபாய் மட்டுமே வருமானம் என்பதால் அவருக்கு வரி இல்லை. பிடிக்கப்பட்ட 1,80,000 ரூபாயும் வருமானக் கணக்கைத் தாக்கல் செய்த பிறகு திரும்ப வந்துவிடும். ஆக, முழு 18 லட்சமும் அவருடையது. ஊழியரைவிட அவர் கையில் 2,58,800 ரூபாய் அதிகம். பேரம் பேசுபவர் காட்டும் கணக்கு இத்துடன் முடிந்துவிடும்.

அந்த 2,58,800 ரூபாயில் 1,08,000 ரூபாய் ஊழியர் இழந்த பணமல்ல. அது அவர் பெயரில் வைப்பு நிதியில் வட்டியோடு வளரும் அவருடைய சொந்தச் சேமிப்பு. மீதமுள்ள 1,50,800 ரூபாய் வரி மட்டுமே உண்மையான வித்தியாசம். இனி, மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். ஊழியரின் அடிப்படைச் சம்பளம் முழுவதற்கும் வைப்பு நிதி செலுத்தும் நிறுவனம், தன் பங்காக ஆண்டுக்கு 1,08,000 ரூபாய் தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடைக்கான பொறுப்பு 43,269 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 1,51,269 ரூபாய். ஆலோசகருக்கு இந்த இரண்டும் இல்லை.

இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஆலோசகர் மிச்சப்படுத்திய வரி 1,50,800 ரூபாய். அவர் இழந்த வைப்பு நிதிப் பங்கும் பணிக்கொடையும் 1,51,269 ரூபாய். ஏறத்தாழ ஒரே தொகை. அரசுக் கருவூலம் விட்டுக்கொடுத்த வரி, அந்த இளைஞரின் கை வழியாகச் சென்று, நிறுவனத்தின் சேமிப்பாக மாறியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். கைக்கு வரும் தொகை கூடியதென்று மகிழ்ந்தவருக்கு மொத்தத்தில் லாபம் எதுவுமில்லை. சம்பளத்தோடு கூடிய விடுப்பு, குழு மருத்துவக் காப்பீடு, நோட்டீஸ் காலச் சம்பளம், பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் அவருக்கு நஷ்டமே. எண்கள் ஆளுக்கு ஆள் மாறலாம். பணம் போகும் திசை மாறுவதில்லை.

இது லட்சங்களில் சம்பளம் வாங்குபவர்களின் கதை. சில ஆயிரங்களில் வாழ்பவர்களுக்கு இதே ஏற்பாடு வேறு முகம் காட்டுகிறது. மாதம் 20,000 ரூபாய்க்கு வேலை செய்யும் ஒரு கணினித் தட்டச்சரையோ, திட்ட உதவியாளரையோ எடுத்துக்கொண்டால், ஆண்டு வருமானம் 2.4 லட்சம் ரூபாய்தான். 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லாத காலத்தில் அவருக்கும் வருமான வரிக்கும் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. ஊழியராக இருந்தால் தொடர்பு இல்லை. சம்பளத்தில் வரி பிடிக்கும் முன், அவருடைய ஆண்டு முழுவதற்கும் வரி எவ்வளவு வரும் என்று அலுவலகமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். வரி வராது என்றால் பிடித்தமும் இல்லை.

அவரையே "தொழில்முறை ஆலோசகர்" என்று எழுதிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு வரி வருமா, வராதா என்று யாரும் பார்ப்பதில்லை. மாதம் 2,000 ரூபாய் பிடிக்கப்பட்டு 18,000 ரூபாய் கைக்கு வருகிறது.

அதே 20,000 ரூபாய் ஊழியரின் அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், வைப்பு நிதிக்கு 1,800 ரூபாயும் இ.எஸ்.ஐ. பங்காக 150 ரூபாயும் போக அவர் கைக்கு வருவது 18,050 ரூபாய். ஆலோசகரைவிட 50 ரூபாய் அதிகம். ஆனால் வித்தியாசம் அந்த 50 ரூபாயில் இல்லை. ஊழியருக்காக அவருடைய 1,800 ரூபாயோடு நிறுவனத்தின் 1,800 ரூபாயும் வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத் திட்டத்துக்கும் செல்கிறது. இ.எஸ்.ஐ.க்கு நிறுவனம் 650 ரூபாய் செலுத்துகிறது. குடும்பத்தில் ஒருவர் நோயுற்றால் இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கதவு அவர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆலோசகரிடம் பிடிக்கப்பட்ட 2,000 ரூபாய் எந்த நலத் திட்டத்துக்கும் போகவில்லை. செலுத்த வேண்டாத வரிக்காக அரசுக்குப் போகிறது.

அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் எப்போது? நிதியாண்டு முடிந்து, வருமானக் கணக்கைத் தாக்கல் செய்து, அது பரிசீலிக்கப்பட்ட பிறகு. ஏப்ரல் மாதத்தில் பிடித்த 2,000 ரூபாய், ஓராண்டுக்கும் மேல் கழித்தே வீடு திரும்புகிறது. உரிய காலத்தில் கணக்குத் தாக்கல் செய்தவருக்கு மாதம் அரை சதவீத வட்டி உண்டு என்றாலும், அதுவும் நிதியாண்டு முடிந்த பிறகே கணக்கில் ஏறுகிறது. பிடித்த நாளிலிருந்து மார்ச் இறுதிவரை அரசுக்கு அது வட்டியில்லாக் கடன். கொடுப்பவர் மாதம் 18,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவர். கணக்குத் தாக்கல் செய்யத் தெரியாமலோ, தெரிந்தவருக்குக் கட்டணம் கொடுக்க முடியாமலோ விட்டுவிடுபவர்களுக்கு ஆண்டுக்கு 24,000 ரூபாய், அதாவது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலான தொகை, கைவிட்டுப் போகிறது.

வங்கி வைப்புத்தொகையின் வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று, வரி வரம்புக்குக் கீழே உள்ளவர் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் போதும். தொழில்முறைக் கட்டணத்துக்கு அந்த வசதி இருந்ததில்லை. வரி பிடித்தம் வேண்டாமென்று வருமான வரித் துறையிடமே சான்றிதழ் கேட்டுப் பெறும் வழி உண்டு. மாதம் 20,000 ரூபாய் பெறும் எத்தனை பேருக்கு அந்த வழி தெரியும்? வைப்புத்தொகையின் வட்டியில் வாழ்பவருக்குக் காட்டப்படும் நம்பிக்கை, உழைத்துக் கட்டணம் பெறுபவருக்குக் காட்டப்படவில்லை.

ஆக, உயர்மட்டத்தில் உள்ள ஆலோசகர் செலுத்த வேண்டிய வரியைச் செலுத்தாமல் போகிறார். அடிமட்டத்தில் உள்ள ஆலோசகர் செலுத்த வேண்டாத வரியை முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். இருவரிடமும் எதிர்காலப் பாதுகாப்பு இல்லை. இந்த இருவருக்கும் நடுவே, முழு வரியும் மாதந்தோறும் தவறாமல் பிடிக்கப்படும் சம்பளக்காரர் நிற்கிறார்.

சம்பளக்காரரின் மனக்குறை ஆதாரமற்றதல்ல என்பதற்கு அரசின் எண்களே சாட்சி. 2016-17 மதிப்பீட்டு ஆண்டில் கணக்குத் தாக்கல் செய்த 1.89 கோடி சம்பளக்காரர்கள் சராசரியாக 76,306 ரூபாய் வரி செலுத்தினர் என்றும், தொழில்முறையாளர்கள் உள்ளிட்ட 1.88 கோடி தனிநபர் வணிகர்கள் சராசரியாக 25,753 ரூபாய் செலுத்தினர் என்றும் 2018 பட்ஜெட் உரையில் அருண் ஜேட்லியே குறிப்பிட்டார். சராசரிகளை வைத்து யாரையும் ஏய்ப்பவர் என்று கூறிவிட முடியாது. இரு பிரிவினரின் வருமானமும் ஒன்றல்ல. ஆனாலும் மும்மடங்கு வித்தியாசத்தை அலட்சியப்படுத்த இயலாமல்தான், 2005-ல் ப. சிதம்பரம் நிதி அமைச்சராக இருந்தபோது நீக்கப்பட்ட நிலையான கழிவை அவர் 40,000 ரூபாயாக மீண்டும் கொண்டுவந்தார். அது 2019-ல் 50,000 ரூபாயாகவும், 2024 ஜூலையில் புதிய வரித் திட்டத்தில் 75,000 ரூபாயாகவும் உயர்ந்தது. 18 லட்சம் ரூபாய் சம்பளத்தில் 75,000 என்பது சுமார் 4 சதவீதம். அதே வேலைக்கு ஆலோசகருக்குத் தரப்படும் கழிவு 50 சதவீதம். இந்த இடைவெளி இருக்கும்வரை ஊழியரை ஆலோசகராக்கும் ஆசையும் இருக்கும்.

பெயரை மாற்றினால் உறவு மாறிவிடாது என்பதை இந்திய நீதிமன்றங்கள் வெகு காலத்துக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டன. சௌராஷ்டிரத்தில் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் நிறுவனத்தின் உப்பளங்களில் வேலை செய்த 'அகரியா' தொழிலாளர்கள், விளைவித்த உப்பின் அளவுக்கேற்பக் கூலி பெற்றவர்கள். அவர்கள் தனி ஒப்பந்தக்காரர்களே தவிரத் தொழிலாளர்கள் அல்லர் என்று நிறுவனம் வாதிட்டது. 1956-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலை எப்படி நடக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே முக்கியம் என்றது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் உப்பளத்துக்குப் பொருந்திய நியாயம் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் நுழையத் தயங்குகிறது.

தாள்களில் மட்டும் ஆலோசகராக இருப்பவரின் வருமானத்தைச் சம்பளமாகவே கருதி வரி விதிக்க வருமான வரித் துறைக்குத் தடையில்லை. ஆலோசக மருத்துவர்களின் வருவாய் சம்பளமா, கட்டணமா என்று மருத்துவமனைகளுக்கும் துறைக்கும் இடையே வழக்குகள் பல நடந்திருக்கின்றன. ஆனால் துறை அப்படி முடிவு செய்யும் நாளில், குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியும் வட்டியும் அபராதமும் அந்தத் தனிநபரின் தலையிலும் விழுகின்றன. ஒப்பந்தத்தின் வாசகங்களை எழுதியது நிறுவனம். கையெழுத்துப் போட்டால்தான் வேலை என்றதும் நிறுவனம். விலை கொடுப்பவர்களில் முதல்வர் வேலைக்கு வந்தவர்.

தனியார் நிறுவனங்களை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. மத்திய, மாநில அரசுகளின் அலுவலகங்களிலேயே நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், ஆலோசகர்கள், தொகுப்பூதியப் பணியாளர்கள், வெளிமுகமைப் பணியாளர்கள் என்ற பெயர்களில் ஆண்டுக்கணக்கில் வேலை நடக்கிறது. மத்திய நீர் ஆணையத்தில் நீண்ட காலம் துப்புரவுப் பணியும் தோட்டப் பணியும் செய்து 2018-ல் வெளியேற்றப்பட்டவர்களின் வழக்கில், 2024 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையைத் தற்காலிகப் பெயரில் வாங்கிக்கொள்ளும் போக்கைக் கண்டித்து, அவர்களைப் பணிவரன்முறை செய்ய உத்தரவிட்டது. முன்மாதிரியாக விளங்க வேண்டிய அரசே இவ்வழியில் நடந்தால், தனியார் முதலாளியிடம் கேள்வி கேட்கும் தார்மிக உரிமை அரசுக்கு எங்கிருந்து வரும்?

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இப்பிரச்னையை மேலும் கூர்மையாக்கியுள்ளன. மொத்த ஊதியத்தில் குறைந்தது பாதியாவது வைப்பு நிதிக்கும் பணிக்கொடைக்கும் அடிப்படையான 'ஊதியம்' என்று கருதப்பட வேண்டும் என்பதும், குறித்த காலப் பணியாளர்களுக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்பதும் அவற்றின் வரவேற்கத்தக்க அம்சங்கள். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து, படிகளை ஊதிப் பெருக்கி, பணிக்கொடைச் சுமையைத் தவிர்த்துவந்த வழி இதனால் அடைபடுகிறது. ஆனால் ஒரு வழியை அடைத்தால் தண்ணீர் அடுத்த பள்ளத்தைத் தேடும். ஊழியரை வைத்துக்கொள்வதற்கான செலவு கூடும்போது, ஊழியரே வேண்டாம், ஆலோசகர் போதும் என்ற எண்ணமும் கூடும். வரிச் சட்டம் அந்த எண்ணத்துக்குச் சலுகையும் தந்துகொண்டிருந்தால், தொழிலாளர் துறை ஒரு கையால் கொடுப்பதை நிதித் துறை மறு கையால் தட்டிவிடுவதாகவே முடியும்.

ஒப்பந்த முறையை ஆதரிப்பவர்களிடமும் நியாயம் உண்டு. சிறு நிறுவனங்களால் எல்லாரையும் நிரந்தர ஊழியர்களாக வைத்துக்கொள்ள முடியாது. பல நிறுவனங்களுக்குத் தம் திறமையை விற்க விரும்பும் வல்லுநர்களும், வீட்டிலிருந்து விரும்பிய நேரத்தில் வேலை செய்ய நினைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயமாக ஊழியர்களாக்குவது அவர்களுக்குச் செய்யும் உதவியாகாது. ஆகவே ஒப்பந்த முறையை ஒழிப்பது தீர்வல்ல. வேலையின் தன்மைக்கு ஏற்ப ஒப்பந்தம் அமைய வேண்டுமே தவிர, வரியையும் வைப்பு நிதியையும் தவிர்ப்பதற்காக வேலைக்குப் பெயர் சூட்டப்படக் கூடாது என்பதே கோரிக்கை.

1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2026 ஏப்ரல் 1-ஐத் தொடக்க நாளாகக் கொண்டு 2025-ல் இயற்றப்பட்ட வருமான வரிச் சட்டம், 819 பிரிவுகளை 536 ஆகக் குறைத்தது, மொழியை எளிமையாக்கியது. ஆனால் யார் ஊழியர், யார் ஆலோசகர் என்ற அடிப்படைக் கேள்விக்குத் தெளிவான இலக்கணம் வகுக்கும் வாய்ப்பு அப்போது நழுவவிடப்பட்டது. வருமான வரிக்கும், வைப்பு நிதிக்கும், இ.எஸ்.ஐ.க்கும் பொதுவான ஒரே அளவுகோல் இனியாவது தேவை. வருமானத்தின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்திடமிருந்து வருகிறதா, வேலை நேரத்தையும் முறையையும் அந்நிறுவனம் தீர்மானிக்கிறதா, கருவிகள் யாருடையவை, நஷ்டம் வந்தால் தாங்குபவர் யார் என்ற நான்கு கேள்விகள் போதும். விடைகள் ஊழியர் என்று காட்டினால் அந்தப் பணத்தைச் சம்பளமாகவே கருத வேண்டும். தவறாகப் பெயரிட்டதற்கான பொறுப்பும் அபராதமும் ஒப்பந்தத்தை எழுதிய நிறுவனத்தையே சேர வேண்டும்.

வரி வரம்புக்குக் கீழே உள்ளவர்களின் கட்டணத்துக்கு, வங்கி வட்டிக்கு உள்ளதுபோல் எளிய உறுதிமொழிப் படிவம் போதும் என்று விதியை மாற்றுவதால் கருவூலத்துக்கு ஒரு ரூபாயும் நஷ்டமில்லை. எப்படியும் திருப்பித் தர வேண்டிய பணம் அது. ஒரே நிறுவனத்துக்குத் தொடர்ந்து உழைக்கும் ஒப்பந்தக்காரருக்காக, கட்டணத்தோடு ஒரு சிறு பங்கை அவர் பெயரிலான சமூகப் பாதுகாப்புக் கணக்கில் செலுத்தும் கடமையை நிறுவனத்துக்கு விதிப்பதும் இயலாத காரியமல்ல. செயலி வழி வேலை செய்யும் தொழிலாளர்களுக்காக, ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை நிறுவனங்கள் தர வேண்டும் என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ஏற்கெனவே கூறுகிறது. உணவுப் பொட்டலம் கொண்டுவருபவருக்குப் பொருந்தும் நியாயம், அலுவலகத்தில் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் பொருந்தாமல் போவதற்குக் காரணமில்லை. இவற்றையெல்லாம் தன் அலுவலகங்களிலிருந்தே அரசு தொடங்குமானால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.

வேலைக்குச் சேரும் இளைஞர்களும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது வயதில் மாதம் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கைக்கு வருவது இனிப்பாகவே இருக்கும். அறுபது வயதில் வைப்பு நிதியும் பணிக்கொடையும் இல்லாமல் நிற்கும்போது, அந்த ஆயிரங்கள் எங்கே போயின என்று கேட்டால் விடை இருக்காது. கூடுதலாக வரும் தொகையில் எவ்வளவு தன்னுடையது, எவ்வளவு தனக்கு நிறுவனம் தர வேண்டியிருந்தது என்று கையெழுத்திடும் முன் கணக்குப் பார்ப்பதே விவேகம்.

நலத் திட்டங்களுக்கு நிதி இல்லை என்று ஆண்டுதோறும் சொல்லும் அரசு, தன் வரி வருவாயை நிறுவனங்களின் சேமிப்பாக மாற்றும் ஓட்டையைத் திறந்து வைத்திருக்கிறது. வரி விலக்கு வரம்பு எத்தனை லட்சமாக உயர்ந்தாலும் இந்த ஓட்டை தானாக அடைபடாது. வரம்பு உயர உயர அது அகலமாகும். வருங்கால பட்ஜெட்டுகள் வரி விகிதங்களைப் பற்றி மட்டும் பேசாமல், ஒரே வேலைக்கு ஒரே வரி, ஒரே பாதுகாப்பு என்ற நியாயத்தைப் பற்றியும் பேச வேண்டும். அதற்கு நிதி அமைச்சகமும் தொழிலாளர் அமைச்சகமும் ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும்.